மாத்தியாச்சு சார்!

பெரியப்பா போகும்போது எனக்கு விட்டுப்போன சொத்து இரண்டு. ஒன்று, சர்க்கரை வியாதி. இன்னொன்று, 1969-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். முதலாவதற்கு மாத்திரை இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் அடங்கிக் கிடக்கிறது. இரண்டாவதைப் பற்றித்தான் இந்த வாரம்.

கார் பிரியர்கள் தவிர மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். காரில் ஆரம்பித்தாலும் விஷயம் உங்கள் வீட்டு வாஷிங் மெஷின் வரைக்கும் வரும்.

ஹெரால்ட் நம்மூர்க் கார். பிறந்தது இங்கிலாந்தில், 1959-ல். உடம்பை வரைந்தவர் மிச்சலோட்டி என்ற இத்தாலியர். 1961-லிருந்து அதைச் சென்னையில், வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்தது ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி. கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட், மெட்ராஸுக்கு ஹெரால்ட் என்று ஒரு காலம் இருந்தது. வெள்ளைக்காரன் இரண்டு கதவு வைத்தான். மாமியாரோடும் மூன்று குழந்தைகளோடும் திருப்பதி போகிற ஜனத்துக்கு அது போதாது என்று நாலு கதவு வைத்தவர்கள் நம்மவர்கள். 1980-களின் கடைசியில் கம்பெனி கதவடைத்தது. என்னைப் போன்ற சில வாரிசுகள் இன்னும் அந்தக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டிருக்கிறோம்.

இந்த வண்டிக்கு இரண்டு பெருமைகள். சுமார் 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். லண்டன் டாக்ஸிக்குச் சமம். இன்னொன்று, பானெட். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து முன்பக்கம் முழுவதும் முதலை வாய் மாதிரி முன்னால் சாயும். இன்ஜின், சக்கரம், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாம் ஜவுளிக்கடை ஷோகேஸ் மாதிரி கண் முன்னால் இருக்கும். இந்த இரண்டாவது பெருமையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வயிற்றெரிச்சலுக்குத் தேவைப்படும்.

போன வருஷம் வண்டியின் முன்பக்கம் கடகடத்தது. குழியில் இறங்கினால் பித்தளைப் பாத்திரக்கடைக்குள் மாடு புகுந்த சத்தம். அம்பத்தூரில் ஒரு ஷெட்டில் விட்டேன். பெயர் வேண்டாம், அவர் கெட்டவர் இல்லை என்பது கட்டுரை முடிவதற்குள் உங்களுக்கே தெரியும். 'ஃபுல்லா ஃப்ரன்ட் எண்ட் இறக்கி வேலை பாத்துடலாம் சார்' என்றார். புஷ், பால் ஜாயின்ட், கீழே இருக்கிற ட்ரன்னியன், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாற்றினார். பில் 18,400 ரூபாய். அதில் லேபர் 3,000. நான் பேரம் பேசி அதை 2,500 ஆக்கினேன். பார்ட்ஸில் ஒரு பைசா குறைக்கவில்லை. கேட்கவும் இல்லை. இந்தக் கணக்கையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். கடகடப்பு போயிருந்தது. கூடவே ஸ்டீயரிங்கும் போயிருந்தது.

போயிருந்தது என்றால் கையோடு வந்துவிடவில்லை. அப்படி வந்திருந்தால் தேவலை, யாரும் விவாதம் பண்ண முடியாது. சக்கரத்தை இந்தப் பக்கம் ரெண்டு அங்குலம் திருப்பினாலும் வண்டி என்ன ஏது என்று கேட்காமல் நேராகப் போகிறது. கல்யாணமாகி இருபது வருஷமான புருஷன் மாதிரி, சொன்னது காதில் விழுகிறது, காரியம் நடக்கக் கொஞ்ச நேரமாகிறது.

திரும்பப் போனேன். 'ஸ்டீயரிங் லூஸா இருக்கு.'

'டை ராட் எண்ட் போயிருக்கும் சார். மாத்திடலாம்.'

மாற்றினார். 1,800. ஆடியது.

'ராக்கே போயிருக்கு சார். பழைய வண்டி இல்லியா?' புதுப்பேட்டையில் தேடிப் பிடித்து ஒரு ராக் வந்தது. 7,500. ஆடியது.

'டயர் சார். சைடு வால் வீக்.' முன் டயர் ரெண்டு, 7,000. ஆடியது.

கடைசியாக அவர் சொன்னதுதான் தமிழ்நாட்டு மெக்கானிக் ஷெட்டுகளின் தேசிய கீதம்: 'எல்லாம் மாத்தியாச்சு சார். பழைய வண்டின்னா இப்படித்தான் இருக்கும். ஓட்ட ஓட்ட செட்டாயிடும்.'

நானும் ஓட்டினேன். ஸ்டீயரிங் செட்டாகவில்லை. நான் செட்டாகிவிட்டேன்! அதுதான் பயங்கரம். ரெண்டு அங்குலம் முன்கூட்டியே திருப்பக் கை பழகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகிறேன். பருத்திப்பட்டு தாண்டுகிற இடம். பக்கத்து சீட்டில் பத்து வயசுப் பெண். முன்னால் போன ஷேர் ஆட்டோ, வழக்கம்போல எந்த சிக்னலும் இல்லாமல், கை நீட்டிய ஒரு அம்மாவுக்காக அப்படியே நின்றது. திருப்பினேன். அரை நொடி ஒன்றுமே நடக்கவில்லை. அந்த அரை நொடியில் ஆட்டோவின் பின்பக்கம் எழுதியிருந்த வாசகம் முழுவதையும் படித்துவிட்டேன். அப்புறம் வண்டி திரும்பி, ஒரு சாண் இடைவெளியில் தப்பியது.

கொஞ்ச தூரம் பேச்சே இல்லை. பிறகு பெண் சொன்னாள்: 'அப்பா, நீ திருப்பினே. கார் திரும்பலை.'

34,200 ரூபாய் செலவழித்தும் யாரும் சொல்லாத டயக்னோசிஸ் அது.

* * *

நான் பி.காம். மெக்கானிசம் தெரியாது. ஆனால் ட்ரையல் பேலன்ஸ் தெரியும். நேற்று வரை டாலியான கணக்கு இன்றைக்கு டாலியாகவில்லை என்றால், பாட்டன் காலத்துப் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு உட்கார மாட்டோம். இன்றைக்கு என்ன என்ட்ரி போட்டாய், எடு என்போம். எங்கள் கல்லூரியில் முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம். சோம்பேறி குமாஸ்தா என்ன பண்ணுவான்? வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு தலைப்பில் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். என் சஸ்பென்ஷனையும் நாலு மாசம் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில்தான் போட்டு வைத்திருந்தார்கள்.

முன்பக்க வேலை செய்வதற்கு முன்னால் ஸ்டீயரிங் ஆடவில்லை. வேலை செய்த மறுநாள் ஆடுகிறது. அப்படியென்றால் சந்தேகம் முதலில் யார் மேல் விழவேண்டும்? 50 வருஷமாக ஒழுங்காக இருந்த ராக் மேலா, நேற்று கழற்றி மாட்டிய போல்ட்டின் மேலா?

இது ஏதோ அம்பத்தூர்ப் பிரச்னை என்று நினைக்காதீர்கள். 1994 மே 1, இத்தாலியில் இமோலா பந்தயத்தில் அயர்டன் சென்னா செத்துப்போனார். ஃபார்முலா ஒன் கார். செலவுக்குப் பஞ்சமில்லை, இன்ஜினீயருக்குப் பஞ்சமில்லை. காக்பிட்டில் கைக்கு இடம் போதவில்லை என்று அவர் கேட்டதற்காக ஸ்டீயரிங் காலத்தை வெட்டி, குறுகலான குழாயை வைத்து வெல்டிங் பண்ணியிருந்தார்கள். மோதலுக்குப் பிறகு பார்த்தால் காலம் உடைந்து கிடந்தது. வருஷக்கணக்கில் வழக்கு நடந்தது. அந்த மாற்றத்தைச் சரியாக வடிவமைக்காததும் சரியாகச் செய்யாததும்தான் காரணம் என்று 2007-ல் இத்தாலியின் மேல்முறையீட்டு உச்சநீதிமன்றம் சொன்னது. இல்லை, கார் தரையில் தட்டி வழுக்கியதுதான் காரணம், காலம் மோதலில் உடைந்தது என்று வாதாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் விசாரித்தவர்கள் முதலில் எங்கே பார்த்தார்கள் என்று கவனியுங்கள். கடைசியாக எதைத் தொட்டார்களோ, அங்கே.

* * *

நண்பர் ஒருவர் சொல்லி, ஆவடியில் ஒரு பெரியவரிடம் போனேன். ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிடையரானவர். அந்தத் தொழிற்சாலைதான் 1965-ல் விஜயந்தா டாங்கியை வெளியே ஓட்டிக் காட்டியது. டேங்க் பார்த்தவருக்கு ஹெரால்ட் ஒரு பொம்மை என்று நினைத்தேன். விஷயம் வேறு. ஃபேக்டரிக்குப் போவதற்கு முன்னால், பதினேழு வயசில், மவுன்ட் ரோடு பக்கம் ஒரு ஒர்க் ஷாப்பில் ஹெரால்ட்டுக்கு ஸ்பேனர் எடுத்துக்கொடுத்த பையன் அவர்.

வண்டியைப் பார்த்ததும் ஜாக்கி எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார்.

'லூஸுன்னா எப்படி லூஸ், தம்பி?'

நாலு மாசத்தில் யாரும் கேட்காத கேள்வி. நான் முழித்ததைப் பார்த்து அவரே பிரித்துச் சொன்னார். கையைத் திருப்பினா சக்கரம் திரும்பலையா? அது ஆட்டம். கையைத் திருப்பாமலேயே வண்டி ரோட்டுல இங்கேயும் அங்கேயும் போவுதா? அது அலைச்சல். திருப்பிட்டு விட்டா தானா நேராவாம அப்படியே நிக்குதா? அது வேற. மூணுக்கும் ஜனங்க 'லூஸ்'னுதான் சொல்வாங்க. மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

டாக்டரிடம் போய் 'வயிறு சரியில்லை' என்றால் வலியா, எரிச்சலா, போக்கா என்று கேட்பாரில்லையா? கேட்காமலேயே குடலை மாற்றிவிடலாம் என்று சொல்லும் டாக்டரிடம் நாம் போவோமா? மெக்கானிக்கிடம் போகிறோம்.

'ஆட்டமும் இருக்கு, அலைச்சலும் இருக்கு' என்றேன்.

பானெட்டைச் சாய்த்தார். சக்கரம் தரையிலேயே இருக்கட்டும் என்றார். தூக்கிவிட்டால் பாரம் போய்விடும், ஆடுகிற ஜாயின்ட் சில சமயம் நல்ல பிள்ளையாக வேஷம் போடுமாம். என்னை உள்ளே உட்கார வைத்து, 'சும்மா இப்படி அப்படி ரெண்டு அங்குலம் ஆட்டிக்கிட்டே இரு, நிறுத்தாதே' என்றார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஸ்டீயரிங் ராடிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் கட்டைவிரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நாடி பார்த்தார். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாத இடம் எதுவோ, அதுதான் திருடன். நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

'போதும். இறங்கி வந்து பாரு.'

அவர் உள்ளே உட்கார்ந்து ஆட்ட, நான் பார்த்தேன். டை ராட் எண்ட் ஆடவில்லை. பால் ஜாயின்ட் ஆடவில்லை. 7,500 ரூபாய் கொடுத்து வாங்கிய ராக், மொத்தமாக, முழு உடம்போடு, ஊஞ்சல் மாதிரி இடதும் வலதும் நகர்ந்துகொண்டிருந்தது. ராக் சக்கரத்தைத் தள்ள வேண்டும். இங்கே ராக் தன்னைத்தானே தள்ளிக்கொண்டிருந்தது. அதன் தள்ளல் தீர்ந்த பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகிறது.

'நட்டு லூஸா?' என்றேன், மேதாவி மாதிரி.

ஸ்பேனரைக் கொடுத்து முடுக்கச் சொன்னார். ஒரு நூல் அளவுகூட நகரவில்லை. நட்டு கல் மாதிரி டைட்.

இங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. ஹெரால்ட்டின் ராக்கை சேஸிஸ் மேல் இரண்டு யு போல்ட் பிடித்திருக்கும். நடுவில் ரப்பர். ராக்கின் மேல் ஒவ்வொரு பக்கமும் ஒரு தட்டு. யு போல்ட்டைச் சும்மா மாட்டி நட்டை முடுக்கினால் போதாது. அதை வெளிப்பக்கமாக, அந்தத் தட்டை நோக்கி நெம்பித் தள்ளி, ரப்பரை நன்றாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் முடுக்க வேண்டும். போல்ட்டின் துளை நீளவாக்கில் இருப்பதே அதற்காகத்தான். இதற்கென்று கம்பெனியே ஒரு கருவி கொடுத்திருந்தது. தள்ளாமல் முடுக்கினால் நட்டு டைட்டாகத்தான் இருக்கும், ராக் மட்டும் இஷ்டத்துக்கு நீந்தும்.

ஆக, நம்ம அம்பத்தூர்க்காரர் 'எல்லாம் டைட்டாத்தான் சார் இருக்கு' என்று சொன்னது பொய்யே இல்லை. ராக்கை மாற்றியபோதும் அதே மாதிரி மாட்டி, அதே மாதிரி டைட் பண்ணியிருக்கிறார். இன்னும் பத்து ராக் மாற்றியிருந்தாலும் பத்தும் நீந்தியிருக்கும். பானெட்டைத் திறந்தால் கண்ணெதிரே தெரிகிற இடம். படுத்துக்கூடப் பார்க்க வேண்டாம்! ஒருவர் ஆட்ட, ஒருவர் பார்க்க, பத்து நிமிஷம். நாலு மாசத்தில் அந்தப் பத்து நிமிஷம் யாருக்கும் கிடைக்கவில்லை.

டயர் லீவரை வைத்து நெம்பி முடுக்கினார். ஆட்டம் தீர்ந்தது.

அலைச்சல் பாக்கி. கீழ்க்கையின் பிராக்கெட்டையும் சேஸிஸையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, 'பட்டை எங்கே?' என்றார். ஷிம். மெல்லிய தகட்டுத் துண்டுகள். சக்கரம் எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது இவைதான். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கணக்கு. கழற்றும்போது எந்தப் பக்கம் எத்தனை என்று எழுதி வைத்துக்கொண்டு, அப்படியே திரும்பப் போட வேண்டும். ஷெட்டுக்குப் போன் போட்டேன். 'அதெல்லாம் ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன் சார். தகடுதானே?' தகடுதான். அந்தத் தகடு இல்லாததால்தான் சக்கரம் நேர்க்கோட்டுக்குத் தானாகத் திரும்புகிற குணத்தை இழந்திருந்தது. ஜாயின்ட் ஒன்றுகூட ஆடாமலே வண்டி அலைகிற வியாதி இது. எந்தப் பார்ட்டை மாற்றினாலும் தீராது. ஏனென்றால் எந்தப் பார்ட்டும் கெட்டுப்போகவில்லை.

புஷ்ஷையும் பார்த்தார். புத்தம் புதிய ரப்பர் அதற்குள் முறுக்கிக் கிழிய ஆரம்பித்திருந்தது. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை முடுக்கியிருக்கிறார்கள். கீழே இறக்கியதும் கை மேலே போகும், ரப்பர் திருகிக்கொள்ளும். வண்டியைத் தரையில் நிறுத்தி, தன் பாரத்தில் உட்கார வைத்து, கடைசி முடுக்கு கொடுக்க வேண்டும். கூடுதல் செலவு பூஜ்யம்.

அப்புறம் ட்ரன்னியனில் கிரீஸ். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். கம்பெனி கையேட்டில் சொன்னது 90 நம்பர் கியர் ஆயில். பித்தளை மாதிரி உலோகத்துக்குள் இரும்பு மரை திரும்புகிற இடம் அது. கெட்டிக் கிரீஸ் மரைக்குள் இறங்காது. உள்ளே தண்ணீர் தங்கித் துரு பிடித்தால் ஒருநாள் அந்த இரும்பு முறிந்து, சக்கரம் அப்படியே உள்பக்கம் மடியும். கிரீஸ் துப்பாக்கி கையில் இருக்கிறது, நிப்பிள் தெரிகிறது, அடித்துவிட்டார்கள். கையேட்டைப் புரட்டவில்லை.

* * *

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். குமாஸ்தா புத்தி. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள், 98-வது விதி. ஸ்டீயரிங் நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. முப்பது டிகிரி! 15 அங்குலச் சக்கரம் என்று வைத்துக்கொண்டால் விளிம்பில் சுமார் 10 சென்டிமீட்டர். என் பெண் பயந்த ஆட்டம் அதில் பாதிதான். ஆக, பருத்திப்பட்டில் நான் சட்டப்படி முழு ஆரோக்கியமான வண்டியில்தான் ஷேர் ஆட்டோவை முத்தமிடப் போயிருக்கிறேன்.

ஹெரால்ட் பிறந்த ஊரில் வருடாந்திர சோதனைக் கையேடு இருக்கிறது. அதே அளவு சக்கரத்துக்கு, ராக் வகை ஸ்டீயரிங் என்றால் அனுமதி 13 மில்லிமீட்டர். பெட்டி வகை என்றால் 75 மில்லிமீட்டர். இரண்டும் வேறு ஜாதி என்று அங்கே எழுத்தில் இருக்கிறது. நம் ஃபியட், பத்மினிக்கெல்லாம் பெட்டி. அதில் ரெண்டு அங்குலம் ஆடினால் மெக்கானிக்குப் பழகிப்போன விஷயம். ராக்கில் ரெண்டு அங்குலம் என்றால் ஆபத்து. 'பழைய வண்டின்னா இப்படித்தான்' என்ற வேதவாக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? பத்மினியின் பத்தியத்தை ஹெரால்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஊரிலும் 40 வயது தாண்டி, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிக்கு 2018 மே மாதத்திலிருந்து சோதனை கட்டாயமில்லை என்று விட்டுவிட்டார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெள்ளைக்காரனுக்கு ஜால்ரா என்று கடிதம் வரும்.

நம் விதியில் இன்னொரு வரியும் உண்டு. ஸ்டீயரிங்கின் இணைப்புப் போல்ட்டுகளும் பின்களும் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். நல்ல வரி. எஃப்.சி.க்குப் போன இடத்தில் என் வண்டியின் சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். ஹாரன் அடிக்கச் சொன்னார்கள். பானெட்டை யாரும் திறக்கச் சொல்லவில்லை. இதே வண்டிகளுக்கு 2021-ல் ஒரு விதி வந்தது. 50 வயது தாண்டினால் 'விண்டேஜ்', தனி நம்பர் வரிசை, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறார்களாம். பாரம்பரியம் ஓட்டுகிற ஆளைக் காப்பாற்ற ஒரு கட்டைவிரல் போதுமே, அதை யார் வைப்பது?

* * *

இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். என் பக்கமும்தான்.

அம்பத்தூர், பாடி, ஆவடி. இந்தப் பத்துக் கிலோமீட்டருக்குள் உலகத்துக்கே பிரேக் செய்கிறார்கள், சக்கரம் செய்கிறார்கள், ஸ்டார்ட்டர் மோட்டார் செய்கிறார்கள், டேங்க்கே செய்கிறார்கள். ஸ்டீயரிங் ஜாயின்ட்டுக்குப் பேர்போன கம்பெனியும் சென்னையில்தான் இருக்கிறது. பார்ட்டுக்குப் பஞ்சமே கிடையாது. பார்க்கிறதுக்குத்தான் ஆள் இல்லை.

ஏன் இல்லை? நாம் காசு கொடுப்பதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

பார்ட்டுக்குக் கொடுக்கிறோம். பெட்டியில் வருகிறது, கையில் பிடிக்கலாம், பழையதைப் பார்த்து 'அடேயப்பா, எவ்ளோ தேஞ்சிருக்கு' என்று வியக்கலாம். பார்த்ததற்கு, யோசித்ததற்கு, கண்டுபிடித்ததற்குக் கொடுக்க நமக்குக் கை வராது. அந்த அம்பத்தூர்க்காரர் முதல் நாளே ரெண்டு மணி நேரம் செலவழித்து, 'சார், யு போல்ட்டைத் தள்ளி மாட்டணும், ஆயிரம் ரூபாய்' என்று சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? சத்தியமாகச் சொல்கிறேன்: 'நாலு நட்டு முடுக்கினதுக்கு ஆயிரமா? என்னய்யா கொள்ளையடிக்கிறே?' அதே மனுஷனுக்கு, கெட்டுப்போகாத ராக்கை மாற்றியதற்கு 7,500 எண்ணிக் கொடுத்தேன், தேங்க்ஸும் சொன்னேன். அவருக்கு ஷெட் வாடகை இருக்கிறது, ரெண்டு பையன்களுக்குச் சம்பளம் இருக்கிறது. யோசித்தால் நஷ்டம், மாற்றினால் லாபம் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? லேபரில் 500 ரூபாய் அடித்துக் குறைத்த இந்தக் கைதான்.

பழுதான மெஷினை ஒரே தட்டில் ஓடவைத்துவிட்டு, 'தட்டியதற்கு ஒரு ரூபாய், எங்கே தட்ட வேண்டும் என்று தெரிந்ததற்கு மிச்சம்' என்று பில் கொடுத்த இன்ஜினீயர் கதை உங்கள் வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒருமுறை வரும். நீங்களும் கைதட்டி ஃபார்வர்டு பண்ணியிருப்பீர்கள். அதே விரல்தான் சாயங்காலம் பில்லில் லேபர் என்ற இடத்தைச் சுழித்துக் காட்டி, 'இதைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க' என்கிறது.

வீட்டில் வாஷிங் மெஷின் நின்றால் வருகிறவர் மூடியைக்கூடத் திறக்காமல் 'போர்டு போயிருக்கும்' என்கிறார். தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷினுக்கு வருகிறவர் பை நிறைய ஃபில்டரோடு வருகிறார், மீட்டரோடு வருவதில்லை. இந்தத் தலைமுறைக்கு மாற்றத் தெரியும், பார்க்கத் தெரியாது என்று புலம்புகிற பெரிசுகளோடு எனக்கு உடன்பாடில்லை. பார்த்தால் சோறு கிடைக்கும் என்று காட்டுங்கள், நாளைக்கே பார்க்கக் கற்றுக்கொள்வார்கள். ஐ.டி.ஐ.யில் ரெண்டு வருஷம் மோட்டார் மெக்கானிக் படித்த பையன் ஒருவன் அந்த ஷெட்டிலேயே இருந்தான். முதல் தடவையே, 'அண்ணே, வண்டிய கீழ இறக்கி ஆட்டிப் பாக்கலாமா?' என்று அவன் கேட்டது என் காதில் விழுந்தது. 'அதெல்லாம் வாணாம், சார் வெயிட் பண்றாரு' என்றார் முதலாளி. சார் என்றால் நான். காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தது நான்தானே?

ஆவடிப் பெரியவர் வேலையை முடித்துக் கை கழுவினார். 'எவ்வளவு ஐயா?' என்றேன். 'நட்டு நாலு முடுக்கினேன், தகடு போட்டேன். ஐநூறு குடு தம்பி.' ரெண்டாயிரம் கொடுத்தேன். திருப்பி நீட்டினார். 'செய்யாத வேலைக்குக் காசு வாங்கற பழக்கமில்லை.' பார்த்ததும் வேலைதான் என்று பத்து நிமிஷம் வாதாடினேன். வாழ்நாள் முழுக்க யாரும் அதற்குக் காசு கொடுக்காததால் அவருக்கே அது வேலையாகத் தெரியவில்லை. கடைசியில் ஆயிரம் வாங்கிக்கொண்டு, மிச்சத்தை என் சட்டைப் பையில் திணித்துவிட்டார்.

இப்போது கட்டைவிரல் கனம் திருப்பினால் வண்டி திரும்புகிறது. பெண் பருத்திப்பட்டு வந்தால் மட்டும் இன்னும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொள்கிறாள்.

போன வாரம் ஷிம் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அம்பத்தூர்க்காரர் முகம் சுண்டித்தான் இருந்தது. ஆனாலும் என்ன பிரச்னை என்று கேட்டார். பானெட்டைச் சாய்த்துக் காட்டினேன். ஐ.டி.ஐ. பையனையும் கூப்பிட்டார். ரெண்டு பேரும் குனிந்து யு போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையன் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டான்.

'இதுக்கு அந்தப் பெரியவர் எவ்ளோ சார் வாங்கினாரு?'

'ஆயிரம். அதிலே முடுக்கினதுக்கு ஐநூறு.'

'மீதி?'

'பார்த்ததுக்கு.'

துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

'பார்த்ததுக்கா சார்?'